மூன்று பங்காகப் போன சைக்கிள்

என் அண்ணனும் தம்பியும் ஒரு சைக்கிளைப் பாகம் பிரித்தார்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நிலத்தைப் பிரிப்பார்கள், தென்னையை எண்ணிப் பிரிப்பார்கள், சைக்கிளை யாராவது பிரிப்பார்களா என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் பிரித்தார்கள். அந்த யோசனையைச் சொன்ன மகராசியும் நான்தான்.

அப்பா தங்கையன் இறந்து முப்பதாம் நாள், கொட்டாரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அது நடந்தது. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நிலத்துக்குச் சண்டை இல்லை. பையன்கள் இரண்டு பேருக்கும் சமமாக எழுதி வைத்திருந்தார். எனக்கு ஒரு சென்ட் கிடையாது, கட்டிக்கொடுக்கும்போது நகை போட்டாயிற்றே! சண்டை வந்தது அப்பாவின் ராலே சைக்கிளுக்கு. அந்தச் சைக்கிளின் கேரியரில் வாழைக்குலையைக் கட்டி கோட்டாறு சந்தைக்குக் கொண்டுபோய்த்தான் அவர் எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். அண்ணன் செல்வதாஸ் எனக்கு வேண்டும் என்றான். தம்பி ஜான்ரோஸ் எனக்கு வேண்டும் என்றான். காலையில் தொடங்கிய பேச்சு சோறு ஆறிய பிறகும் முடியவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது.

"அவ்வளவு ஆசைன்னா கழத்தி ஆளுக்குப் பாதியா எடுங்கலே!" என்று கத்தினேன்.

இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு மடையர்களும் அன்றைக்கு அதில் ஒத்துப்போனார்கள். ஸ்பானர் வந்தது. நடுக்கட்டு என்கிற ஃபிரேமும் ஹேண்டிலும் சீட்டும் அண்ணனுக்கு. சக்கரம் இரண்டும் தம்பிக்கு. கடைசியில் அண்ணன் பெல்லைக் கழற்றி என் கையில் வைத்தான்.

"உனக்கும் ஒரு பங்கு கிடக்கட்டு, ராஜபாய்."

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து துணியில் சுற்றி, கல்யாணத்துக்கு அப்பா தந்த பைபிளோடு அலமாரியில் வைத்தேன்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஆறு வருஷம் கழித்து அம்மா இறந்த அன்று, சவப்பெட்டியின் தலைமாட்டில் யார் நிற்பது என்று இரண்டு பேருக்கும் மறுபடி முட்டிக்கொண்டது. பேச்சு எப்படியோ சைக்கிளில் போய் நின்றது. "வந்து கேக்கச்சொல்லு, சக்கரத்தத் தாறேன்" என்றான் தம்பி. அண்ணன் என் கையிலிருந்த அப்பாவின் பைபிளைப் பிடுங்கி, போதகர் முன்னால் அதன்மேல் கைவைத்தான்.

"அந்த சைக்கிளு ரெண்டு சக்கரத்துல நிக்காம, இவன் நிக்கிற எடத்துல நான் நிக்கமாட்டேன். இது சத்தியம்."

எங்கள் சபையில் பைபிளில் கைவைத்துச் சொன்னதை யாரும் மீற மாட்டார்கள். அதிலும் அண்ணன் சபைக் கமிட்டியில் இருப்பவன். பதினாறு வருஷமாக அவன் வந்த வீட்டுக்கு இவன் வந்ததில்லை. என் வீட்டுக்காரர் அடக்கத்துக்குக்கூட ஒருவன் காலையில் வந்தான், ஒருவன் மத்தியானம் வந்தான். அன்றைக்கு எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

இப்போது என் மகள் பெபிஷாவுக்கு நிச்சயம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை லிஜின், மார்த்தாண்டம் பக்கம். மஸ்கட்டில் வேலை. லீவு பன்னிரண்டு நாள்தான், திங்கட்கிழமை நிச்சயத்தை முடித்து புதன்கிழமை விமானம் ஏற வேண்டும். பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று விரும்பித்தான் எங்களிடம் வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தாள்.

"மாமன்மாரு ரெண்டுபேரும் நிப்பாவல்லா? அப்பா இல்லாத பிள்ள. மாமன்மாருதான எந்திச்சு சம்மதம் சொல்லணும்?"

"நிப்பாவ, நிப்பாவ" என்றேன்.

"இல்ல, ஒரு பேச்சு காதுல விழுந்துது. குடும்பத்துல என்னமோ கேஸு, வழக்குன்னு. அப்படி ஏதாவது உண்டும்னா எங்க ஆளுகளுக்கு சரிப்படாது, கேட்டியளா. ஒரு மாமன் நின்னு ஒரு மாமன் நிக்கல்லன்னா நாங்க காப்பிய குடிச்சிட்டு எறங்கிருவோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பெபிஷா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தை மட்டும் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு கொட்டாரத்துக்கு பஸ் ஏறினேன். நான் ரேஷன்கடையில் எடை போடுகிறவள். அரிசி குறைந்தால் குறைவு, சரியென்றால் சரி, அதற்கு மேல் வளைந்து பேசத் தெரியாது. அண்ணனிடமும் அப்படித்தான் கேட்டேன்.

"எண்ணே, திங்கக்கிழம வருவியா, மாட்டியா?"

"அவன் வருவானா?"

"அவனும் மாமன்தான!"

"அப்பம் நான் வரல்ல. சத்தியம் பண்ணினது உன் முன்னாலதான பண்ணினேன்?"

"எனக்க மகளுக்க வாழ்க்கைய விட உனக்கு சைக்கிளு பெருசா?"

பெபிஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இவன் தோளில்தான் கிடப்பாள். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்.

"எனக்க பாதி பத்திரமா இருக்கு. அவன் பாதிய கொண்டு வரச்சொல்லு. சைக்கிளு நிக்கட்டு, நானும் நிக்கேன். ஆனா பாத்துத்தான் சொல்லுவேன். அப்பாக்க சக்கரத்துல ஒரு நெளிவு உண்டும். ஏழாங்கிளாஸ் படிக்கும்போ நான் பாலத்துல கொண்டு இடிச்சது." தாடையிலிருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினான்.

நடுக்கட்டு அவன் விறகுப்புரையில், மேலே, சாக்கு சுற்றித் தொங்கியது. இறக்கித் தரச்சொன்னேன். துடைத்துச் சுத்தமாக்கி வைக்கிறேன் என்றேன். தரத் தயங்கினான். அண்ணன் பெண்டாட்டி உள்ளேயிருந்து, "குடுத்து விடுங்களேன், அத வச்சு என்ன அடைகாக்கியளா?" என்று சத்தம் போட்ட பிறகுதான் இறக்கினான்.

"எண்ணெ போட்டுத் தொடச்சா போதும். பெயிண்டச் சொரண்டப்படாது, கேட்டியா?" ஆட்டோவில் ஏற்றும் வரை அதையே மூன்று தடவை சொன்னான்.

அதே ஆட்டோவில் தோவாளைக்குப் போனேன். ஜான்ரோஸ் பூச்சந்தையில் வெளியூருக்குப் பூ அனுப்புகிறவன். விஷயத்தைச் சொன்னதும் முதலில் நெஞ்சை நிமிர்த்தினான்.

"பாத்தியாக்கா! கடைசியில எனக்கிட்டதான வரவேண்டியதிருக்கு?"

"ஆமலே, வந்தாச்சு. சக்கரத்த எடு."

அவன் பூக்கூடையைக் கட்டத் தொடங்கினான். கட்டிய கயிற்றை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். அவன் பெண்டாட்டி ஷீஜா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மைனி, கோவப்படாதீங்க" என்றாள் ஷீஜா என்னிடம். "அந்தச் சக்கரத்த நான் உள்ளிக்குப் போட்டுட்டேன்."

எங்கள் பக்கத்தில் வெங்காயத்தை உள்ளி என்போம். பழைய இரும்பை எடுத்துக்கொண்டு உள்ளி தருகிறவன் தெருவில் வருவான்.

"எப்பம்?"

"கல்யாணம் முடிஞ்ச புதுசுல. ரெண்டு கிலோ சின்ன உள்ளி தந்தான். மாமாக்க சக்கரம்னு இவரு எனக்கிட்ட சொல்லவே இல்ல, மைனி."

நான் தம்பியைப் பார்த்தேன். அவர்கள் கல்யாணத்துக்கு அம்மா இருந்தாள். ஆக, அம்மாவின் பெட்டி முன்னால் நின்று "வந்து கேக்கச்சொல்லு, தாறேன்" என்று இவன் சவடால் அடித்தபோதே சக்கரம் இல்லை. பதினாறு வருஷமாக இல்லாத சக்கரத்துக்கு இவன் ஜம்பம் பேசியிருக்கிறான்.

"சவத்துப் பயலே, உனக்கு மண்டையில வட்டா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே தீந்திருக்குமேலே!"

"எப்படிக்கா சொல்லுவேன்? எல்லாரும் சிரிக்கமாட்டாங்களா?" கண் கலங்கி நின்றான். ஐம்பதை நெருங்குகிற ஆண்பிள்ளை, பூக்கூடை நடுவில். ஓங்கி ஒரு அடி வைக்கத்தான் தோன்றியது. வைக்கவில்லை. வியாழக்கிழமை பாதி போயிருந்தது, திங்கட்கிழமைக்குள் இரண்டு சக்கரம் வேண்டும்.

சைக்கிள் சக்கரம்தானே, கடையில் கிடைக்கும் என்று நினைத்தேன். என்ன தெரியும் எனக்கு! வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லாம் கியர் சைக்கிள். பழைய ராலேக்கு என்றதும் ஒருவன் சிரித்தான். ஒருவன், "பேசாம புதுசு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, ஆன்ட்டி" என்றான். நான் சொன்ன பதிலை எழுத முடியாது.

கடைசியில் எங்கள் கோட்டாறிலேயே, பள்ளிவாசல் தெருவில் மாகீன் பாய் கடைக்கு நடுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அதைக் கீழே வைக்கச்சொல்லி, சுற்றி வந்து பார்த்தார்.

"இது கம்பி பிரேக்கு வண்டி. வயரு கிடையாது. பிரேக் கட்ட ரிம்முக்கு உள்பக்கமா ஏறிப் பிடிக்கும். இப்பம் உள்ள ரிம்ம போட்டா பிடிக்காது. இருபத்தெட்டு இஞ்சு வேணும். முன்னால முப்பத்திரெண்டு ஸ்போக்ஸ் கம்பி, பின்னால நாப்பது."

"கிடைக்குமா, பாய்?"

"முன்சக்கரம் எனக்கிட்ட மச்சில ஒண்ணு கிடக்கு. பின்னால உள்ளதுதான் கஷ்டம். எப்பம் வேணும்?"

"ஞாயித்துக்கெழம."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கல்யாணமா, சைக்கிள் பந்தயமா?"

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத மனிதரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து ஆக்கர்கடைக்காரர்களுக்கு வரிசையாகப் பேசினார். பழைய இரும்பு எடுக்கும் அந்தக் கடைகளில் ஒன்றிலும் நாற்பது கம்பி பின்சக்கரம் இல்லை. எல்லாம் எப்போதோ லாரி ஏறிப் போய்விட்டது. ஜான்ரோஸுக்குப் போன் பண்ணி, நாற்பது கம்பி பின்சக்கரம் தேடு என்றேன்.

சாயங்காலம் வரை எனக்குப் பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை. அந்த நேரம் ஜான்ரோஸ் போன் பண்ணினான். மூச்சு வாங்கியது.

"எக்கா, கெடச்சாச்சு! தோட்டத்துல ஒருத்தரு ஹோஸு சுத்தி வைக்க ஒரு சக்கரத்த நாட்டி வச்சிருக்காரு. எண்ணிப் பாத்தேன். நாப்பது கம்பி."

"தருவாரா?"

"புது ஹோஸ் ஸ்டாண்டு வாங்கித் தாறேன்னு சொல்லி கழத்திட்டேன். ரெண்டு கம்பி ஒடிஞ்சிருக்கு. மத்தபடி கொள்ளாம், நல்ல சக்கரம்."

போனிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டின வாயால் அவனை "மக்கா" என்றேன்.

சனிக்கிழமை காலையிலேயே நானும் ஜான்ரோஸும் மாகீன் பாய் கடையில். பாய் ஒடிந்த கம்பிகளை மாற்றினார், ஆக்சிலில் புது பால்ஸ் போட்டார், டயர் ட்யூப் ஏற்றினார். பின்சக்கரத்தை நடுக்கட்டில் மாட்டும்போது ஆக்சில் பாதியில் சிக்கிக்கொண்டது.

"அளவு ஒத்துவரல்ல" என்றார் பாய். "ராலேயில ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு அளவு. வண்டிக்க நம்பரப் பாத்தா வயசு தெரிஞ்சிரும், அதுக்குத்தக்க ஆக்சிலு போடலாம்."

"நம்பர் எங்க இருக்கும்?"

"சீட்டுக்குக் கீழ. பெயிண்டு மூடிக் கிடக்கு."

அண்ணன் சொரண்டப்படாது என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் மணி பதினொன்று ஆகிவிட்டது. சொரண்டுங்க என்றேன். பாய் மண்ணெண்ணெய்த் துணியை வைத்து ஊறவிட்டு, பிளேடால் மெல்ல எடுத்தார். கறுப்புப் பெயிண்டுக்குக் கீழே ஒரு பச்சைப் பெயிண்டு வந்தது. அதற்குக் கீழே எண்கள்.

அறுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று.

பச்சையா? அப்பாவின் சைக்கிள் எப்போது பச்சையாக இருந்தது? நாங்கள் பிறந்ததிலிருந்து கறுப்புதான். ஜான்ரோஸ் அப்போது டீ வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்தான். பாய் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு ஆக்சிலைத் தேட மச்சுக்கு ஏறினார். நான், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு தெரு தள்ளியிருந்த என் வீட்டுக்கு ஓடினேன்.

அப்பாவின் பைபிளில் முன்னால் வெறும் தாள்கள் உண்டு. பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் எல்லாம் அதில்தான் எழுதுவார். முதல் வரியே எங்களுடையது அல்ல. '1970 ஜனவரி 9. சைக்கிள் வாங்கியது. நம்பர் 48217. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.' அதற்கடுத்த வரியில்தான் செல்வதாஸ் பிறக்கிறான். சின்ன வயதில் இதைக் காட்டி, உனக்கு மூத்தது சைக்கிள் என்று நான் அவனைக் கேலி செய்ததுண்டு.

நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு. இரண்டு தடவை வாசித்தேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனிடம் இருந்ததும் அப்பாவின் சைக்கிள் இல்லை.

வந்த கோபத்துக்கு நேராகக் கொட்டாரம் போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். என்ன வீறாப்பு! என்ன சத்தியம்! ஆனால் நான் வாயைத் திறந்தால் என்ன நடக்கும்? ஜான்ரோஸ் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அண்ணன் மானம் போய்விட்டதென்று வீட்டுக்குள் பூட்டிக்கொள்வான். திங்கட்கிழமை என் பிள்ளை பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருப்பாள், மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்துவிட்டு இறங்கிப் போவார்கள். பைபிளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, முகத்தைக் கழுவி, ஒன்றும் நடக்காதவள்போலக் கடைக்குத் திரும்பினேன்.

பாய் சரியான ஆக்சிலைப் போட்டு முடித்திருந்தார். சுரண்டிய இடத்தில் கொஞ்சம் கறுப்புப் பெயிண்டு தடவச்சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தடவினார். அந்தச் சமயம் கடைக்குப் பின்னாலிருந்து டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஜான்ரோஸ் பின்சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சுத்தியலோடு குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான்.

"ஏலே, என்ன செய்யுத?"

"அண்ணன் நெளிவு பாப்பான்லாக்கா. அதான் ஒண்ணு வச்சுட்டேன்."

பாய் தலையில் கை வைத்தார். "நல்ல ரிம்மு. பாவி!"

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் என்னவென்று யோசிக்க மனதில் இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்கு அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். சைக்கிள் முற்றத்தில், ஸ்டாண்டு போட்டு, என் பெல்லையும் மாட்டி நின்றது. ஜான்ரோஸ் கதவுக்கு உட்புறம். சத்தியம் உடையக்கூடாதே, அதனால் அவன் வாசல்படி தாண்டவில்லை. பெபிஷா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் முதலில் நடுக்கட்டைப் பார்த்தான். சீட்டுக்குக் கீழே குனிந்தான். பெயிண்டு இருந்தது. நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. பிறகு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினான். விரலை ரிம்மில் வைத்துக்கொண்டே ஒரு சுற்று பார்த்தான். பின்சக்கரத்துக்கு வந்தான், சுழற்றினான். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன?"

"நீ இடிச்சதுல்லா?" என்றான் ஜான்ரோஸ் உள்ளேயிருந்து. பதினாறு வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

"நான் என்ன, பின்பக்கமாவா ஓட்டிட்டுப் போனேன்? பாலத்துல முன்சக்கரம்தாம்லே இடிக்கும்!"

முந்தின நாள் முழுக்க நானும் தம்பியும் பாயும் அதன் பக்கத்தில் நின்றிருந்தோம். ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. "என்ன மண்டையனாக்குகியளா? இது அப்பாக்க சக்கரம் இல்ல. எங்கயோ கெடந்த சவத்த எடுத்து, அடிச்சு நெளிச்சு... நீயும் இதுக்குக் கூட்டா, ராஜபாய்? நாளைக்கு நான் வரல்ல. என்ன ஆளவிடு." கேட்டை நோக்கி நடந்தான்.

பெபிஷாவின் முகம் ஜன்னலிலிருந்து மறைந்தது. உள்ளே எதுவோ விழும் சத்தம் கேட்டது.

"எண்ணே, நில்லு!" என்றேன். என் குரல் ரேஷன்கடைக் குரலாகிவிட்டது. "நீ கைவச்சு சத்தியம் பண்ணின பைபிளு இது. இதுல அப்பா எழுதினத ஒருக்கா கேட்டுட்டுப் போ."

அவன் திரும்பினான். நான் தாளைத் திறந்து, கார்டு நம்பர் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுவது, ஜனவரி ஒம்பது. சைக்கிள் வாங்கியது. நம்பர் நாலு. எட்டு. ரெண்டு. ஒண்ணு. ஏழு."

அண்ணன் மெதுவாக வந்து சைக்கிளின் பக்கத்தில் நின்று, சீட்டுக்குக் கீழே எண் இருக்கும் இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். அவன் கண் என்னைக் கெஞ்சியது. யாருக்கும் பயப்படாத என் அண்ணன் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஐயோ பாவம் என்றும் இருந்தது, மண்டையில் ஒன்று போடலாம் என்றும் இருந்தது.

"நம்பர் எதுக்கு இப்பம்?" என்றான் ஜான்ரோஸ். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் அண்ணன் பக்கமே திரும்பி நின்றேன். "எண்ணே, ரெண்டு சக்கரத்துல நிக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"நிக்கு."

"சக்கரம்?"

"சரிதான். எனக்குத்தான் ஞாபகம் பெசகிப் போச்சு. பின்சக்கரம்தான் இடிச்சுது."

ஜான்ரோஸ் வாசல்படி தாண்டி வெளியே வந்தான். இரண்டு பேரும் சைக்கிளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல், ஆளுக்கொரு பெடலைப் பார்த்துக்கொண்டு. நான் உள்ளே ஓடினேன். பெபிஷா தரையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டு கிடந்தது. அவளைக் கட்டிக்கொண்டு, வருவாவ மக்கா, ரெண்டுபேரும் வருவாவ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போகும்போது கேட்டின் பக்கத்தில் அண்ணன் என்னிடம் தணிந்த குரலில் பேசினான். "நடுக்கட்ட பெயிண்டு அடிக்கக் குடுத்தேன், ராஜபாய். பெயிண்டுக்காரன் கடையப் பூட்டிட்டு ராத்திரியோட ராத்திரியா ஊரவிட்டுப் போயிட்டான். தேடாத எடமில்ல. பொறவு இது ஒண்ணு வாங்கிக் கறுப்படிச்சு மாட்டினேன். ஜான்ரோஸ் முன்னால தோக்கப்படாதுல்லா?"

"எப்பம் நடந்தது?"

"அம்மா சாவுகதுக்கு முந்தின வருசம்."

ஆக, சத்தியம் பண்ணும்போதே இவனிடமும் இல்லை. கேட்டைச் சாத்தினேன்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். லிஜினின் அம்மா உட்காருவதற்கு முன்பே கண்ணால் மாமன்மாரைத் தேடி, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டாள். போதகர் ஜெபித்து, பெண் வீட்டாரிடம் சம்மதமா என்று கேட்டார். என் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தோளோடு தோள் உரசி நின்று, "சம்மதம்" என்றார்கள். இந்த ஒரு நிமிஷத்துக்காக என் வீட்டுக்காரர் இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்ததும் எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. பெபிஷா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அது போதும் எனக்கு.

சாப்பாடு முடிந்து வேன் புறப்பட்டது. கையசைத்துவிட்டுத் திரும்புகிறேன், முற்றத்தில் சத்தம்.

"எனக்க வீட்டுல நிக்கட்டு. நடுக்கட்டு எனக்குள்ளது" என்கிறான் அண்ணன்.

"சக்கரம் இல்லாம உருட்டிட்டுப் போயிருவியோ? தோவாளையில நிக்கட்டு" என்கிறான் தம்பி.

"நீ சும்மா கெட, லே!"

"நீ கெட!"

ஒருவன் ஹேண்டிலைப் பிடித்திருந்தான், ஒருவன் கேரியரைப் பிடித்திருந்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கொட்டாரத்து முற்றத்தில் பார்த்த அதே இரண்டு முகங்கள். நான் சண்டையை விலக்கவில்லை. உள்ளே போய்த் தையல் மெஷின் டிராயரிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்தேன். அவர்கள் கைகளுக்கு நடுவில் புகுந்து பெல்லைக் கழற்றினேன்.

"எக்கா, என்ன செய்யுத?"

"எனக்க பங்க எடுக்கேன்." பெல்லை அவர்கள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். "இந்த வண்டியில அப்பாக்க கைபட்டது இது ஒண்ணுதான். ரெண்டு ஆம்பிளைகளுக்கு வச்ச பங்குல ஒரு ஆணிகூட மிஞ்சல்ல. சிரிக்கதுக்குன்னு எனக்குத் தந்தது மட்டும் இருக்கு."

ஜான்ரோஸ் என்னைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். "அப்பம் நடுக்கட்டு?" என்றான்.

அண்ணன் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தான். தம்பியும் கேரியரை விட்டுவிட்டான்.

"மிச்சத்த கழத்தி ஆளுக்குப் பாதியா எடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பெபிஷா பட்டுச்சேலையை மாற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு அவளுக்குக் கொடுக்கப்போகிற பைபிள் மேசைமேல் இருந்தது, என் அப்பாவுடையதுதான். பெல்லை முந்தானையால் துடைத்து அதன்மேல் வைத்தேன். அவள் அதை எடுத்து ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். நல்ல சத்தம். முற்றத்தில் பேச்சு நின்றிருந்தது.